காலருக்குள்ள இருக்கிறதைப் பாத்துட்டு விலையைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒருத்தர், ஆபீஸ் சட்டைக்கு 6000 ரூபா குடுத்தாலும் தகும், பத்து வருஷம் உழைக்கும்னு எழுதியிருந்தாரு. அடுத்த வாரமே ஒரு வாசகர் கொந்தளிச்சு, பிராண்டுன்னாலே பித்தலாட்டம், 300 ரூபா சட்டையும் 6000 ரூபா சட்டையும் திருப்பூர்ல ஒரே மெஷின்லதான் தைக்கிறான், லேபிள் மட்டும்தான் வேறன்னு கடுதாசி போட்டிருந்தாரு. ரெண்டு பேருமே சட்டையை வெளிய இருந்துதான் பாத்திருக்காங்க. நான் 24 வருஷம் பெங்களூர் பீனியாவுல கார்மெண்ட்ஸ் கம்பெனில கியூசி, அதாவது தைச்ச துணியோட தரம் பாக்கிற வேலை, பாத்தவன், எங்கப்பா அதுக்கும் முன்னாடி இங்க மதுரை புதுமண்டபத்துல தூணுக்கு தூணு டெய்லர் உக்காந்திருந்த காலத்துல மெஷின் போட்டிருந்தவரு, அதனால நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டணும்னா வெட்டிக்கங்க, ஆனா காலர் கதையை மட்டும் வெட்டிராதீங்க.

முதல்ல அந்த வாசகருக்கு. திருப்பூர் பனியன் ஊருங்க. டி-சர்ட், உள்பனியன், டிராக் பேண்ட் இப்படி நிட்டிங் துணில, அதாவது வளையம் வளையமா பின்னுன துணில, வர்றதுதான் அங்க தொழிலே. நாம ஆபீஸுக்கு போட்டுக்கிட்டு போற காலர் வச்ச சட்டை தறித்துணி, அது பெங்களூர், சென்னை மாதிரி ஊருங்கள்ல தைக்கிறது. சரி ஊரை விடுங்க, ஒரே மெஷின்லதான் தைக்கிறான்னு சொன்னாரு பாருங்க, அது நெசம். எங்க லைன்ல காலைல ஒரு பிராண்டு ஓடும், மத்தியானம் லேபிள் மாறும், அதே பொண்ணுங்க, அதே ஜூக்கி மெஷின். ஆனா லேபிள் மட்டும் மாறாது, கூடவே டெக் பேக்னு ஒரு கட்டு பேப்பரும் மாறும், பையர், அதாவது ஆர்டர் குடுத்த கம்பெனிக்காரன், கையெழுத்துப் போட்ட சீல் சாம்பிள்ங்கிற மாதிரிச் சட்டையும் மாறும். இன்ச்சுக்கு எத்தனை தையல், காலர் விறைப்பா நிக்க உள்ள என்ன கேன்வாஸ், பாக்கெட்ல கோடு சட்டைக் கோட்டோட சேரணுமா வேணாமா, தோள் அளவு எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் விடலாம்னு எல்லாம் அதுல இருக்கும். ஒரே அடுப்புலதான் கல்யாண சாம்பாரும் வைக்கிறோம், ஆஸ்டல் சாம்பாரும் வைக்கிறோம், அடுப்பு ஒண்ணுங்கிறதுக்காக ருசி ஒண்ணாயிருமா.

இன்ச்சுக்கு எத்தனை தையல்னு சொன்னேனே, அதை நீங்களே கடைல நின்னு எண்ணிப் பாக்கலாம். 10 ரூபா காயின் ஒண்ணு எடுத்துக்கங்க, அதோட குறுக்களவு 27 மில்லிமீட்டர், ஒரு இன்ச்சுக்கு மயிரிழை கூட. கடைக்காரங்க எவனும் அந்தக் காயினை வாங்க மாட்டேங்கிறான், இதுக்காவது உதவட்டும். சட்டை கஃப், அதான் முழுக்கை நுனிப் பட்டி, ஓரத்துல தையலுக்குப் பக்கத்துல வச்சு எண்ணுங்க. ரோட்டோர 300 ரூபா சட்டைல பத்து, பதினொண்ணு வரும். நல்லா தைச்ச சட்டைல பதினாறு, பதினெட்டு வரும். ரொம்ப உசந்ததுல இருவதுக்கு மேலயும் நான் பாத்திருக்கேன். மெஷினு ஓடுற வேகம் ஒண்ணுதான், தையல் பொடிசா விழுந்தா அதே நீளத்துக்கு நேரம் கூட ஆகும், நேரம்னா கூலி. காசு நெசமாவே சட்டைக்குள்ள போற எடத்துல இது ஒண்ணு.

இன்னொண்ணு சைடு தையல். சட்டையை உள்பக்கமா திருப்பிப் பாருங்க. மட்டமானதுல ஓவர்லாக் அடிச்சு விட்டிருப்பான், பிசிறு தெரியும். நடுத்தரத்துல ரெண்டு ஊசி போட்டு ஒரே ஓட்டத்துல மடிச்சு அடிச்சிருக்கும், வேகமா ஆகிற வேலை. உசத்தில ஒத்தை ஊசி, ஒருதரம் தைச்சு, மடிச்சு, மறுபடி ஒருதரம் தைக்கணும், வெளிய பாத்தா ஒரே ஒரு கோடுதான் தெரியும். துவைக்க துவைக்க சில சட்டைல சைடு பூரா சுருக்கம் சுருக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும் பாத்திருப்பீங்க, துணியும் தையல் நூலும் ஒரே அளவா சுருங்காது, அதான் காரணம், அந்த ரெண்டு ஊசி வேலைல இது கூடுதலா தெரியும். இஸ்திரி போட்டாலும் போகாது. இதுக்கும் காசு குடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

ஆனா துணி விஷயத்துல அந்த கட்டுரை எழுதினவரு சுத்தமா தலைகீழா சொல்லிட்டாரு. விலை கூடுன துணின்னா ரொம்ப நாள் உழைக்கும்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நூல் நம்பர்னு ஒண்ணு இருக்கு, கோயம்புத்தூர் பக்கம் மில்லுல வேலை பாத்தவங்களுக்கு தெரியும். 840 கெஜம் நூல் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு பஞ்சுல எத்தனை சிட்டம் வருதோ அதான் நம்பர். நாப்பதாம் நம்பர்னா 33,600 கெஜம், சுமாரா 30 கிலோமீட்டர், அதாவது மதுரைல ஆரம்பிச்சு மேலூர் வரைக்கும் இழுக்கலாம். நூறாம் நம்பர்னா 84,000 கெஜம், அதே ஒரு பவுண்டு பஞ்சு திண்டுக்கல்லையும் தாண்டிப் போயிரும். அப்ப நூல் எவ்வளவு சன்னமா இருக்கும்னு யோசிச்சுக்கங்க. அதை ரெட்டையா முறுக்கி நெய்வாங்க, டூ ப்ளைன்னு சொல்றது அதைத்தான். கைல எடுத்தா வாழை இலை மேல தண்ணி ஓடுற மாதிரி நழுவும், மேல போட்டா போட்டதே தெரியாது, அப்படி ஒரு சுகம், அதை நான் மறுக்கல. ஆனா சன்னமான நூல் சன்னமான நூல்தானே? பைக்ல போறவன் தோள்ல லேப்டாப் பேக் வாரு தேய்ச்சுக்கிட்டே வரும், ஹெல்மெட்டு காலர் பின்பக்கம் உரசும், ராத்திரி முகம் மழிக்காத தாடை காலர் மேல அரம் மாதிரி படும், இதையெல்லாம் நாப்பதாம் நம்பர் ஆக்ஸ்போர்டு துணி தாங்குற மாதிரி நூறாம் நம்பர் பாப்ளின் தாங்காது. பட்டுச்சேலையை கட்டிக்கிட்டு யாராவது களை எடுக்கப் போவாங்களா. 6000 ரூபா சட்டை ஏசி ரூம்ல உக்காந்து கார்ல போயிட்டு வர்றவருக்கு வேணா நாள்பட உழைக்கும், அவரு அலமாரில அது மாதிரி இருவது சட்டை இருக்கும், ஒண்ணை மாசத்துக்கு ஒருதரம் போடுவாரு, அப்படி போட்டா எந்த சட்டைதான் பத்து வருஷம் வராது.

அதே மாதிரி பருத்தி பேரு. எகிப்து கிசா, அமெரிக்கா சுபிமா, சீ ஐலண்டுன்னு வெளிநாட்டு நீள இழைப் பருத்திப் பேரை சட்டைல தொங்குற அட்டைல போட்டு 2000 ரூபா கூட்டிருவான். நீள இழை பருத்தி நல்லதுதான், நூல்ல பிசிறு கம்மியா இருக்கும், சட்டை சீக்கிரம் உருண்டை உருண்டையா பில்லிங் கட்டாது. ஆனா இதுக்கு எகிப்து வரைக்கும் போகணும்னு இல்ல. நம்ம கோயம்புத்தூர்ல 1974ல வெளியிட்ட சுவின்னு ஒரு ரகம், சுஜாதாங்கிற நம்ம ரகத்தையும் சீ ஐலண்ட் வகையான செயிண்ட் வின்சென்டையும் ஒட்டுச் சேத்தது, பேருலயே ரெண்டும் இருக்கு பாருங்க, உலகத்துல நீள இழைன்னு சொல்ற பருத்தியோட எல்லாம் ஒரே வரிசைல நிக்கும். விளைச்சல் கம்மி, அறுப்புக்கு நாள் கூட, அதனால இப்ப வெவசாயிங்க தொடுறது ரொம்ப கொஞ்சம். அட்டைல என்ன போட்டிருக்கோ அதுதான் உள்ள இருக்குங்கிறதுக்கும் உத்தரவாதம் இல்ல. 2016ல அமெரிக்காவுல ஒரு பெரிய சங்கிலிக் கடை, எகிப்து பருத்தின்னு நம்பி வாங்கி வித்த பெட்ஷீட்டுல எகிப்து பருத்தி இல்லன்னு கண்டுபிடிச்சு சப்ளை பண்ணவங்களையே நிறுத்துனது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அவ்வளவு பெரிய கடைக்காரனுக்கே அந்த கதி, நாம ஷோரூம் லைட்டு வெளிச்சத்துல துணியை தடவிப் பாத்து என்னத்தை கண்டுபிடிக்கப் போறோம்.

பேரைப் பாத்து மயங்குறதுக்கும் ஒண்ணு சொல்லிர்றேன். லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்துன்னு சொன்னா என்னமோ பாரிஸ்லயும் லண்டன்லயும் வெட்டி கப்பல்ல வர்ற மாதிரி இருக்கும். இந்தியாவுல நாலுமே ஆதித்ய பிர்லா குரூப்போடதுதான், நாலும் வந்தது மதுரா கார்மெண்ட்ஸ் வழியா, அந்த மதுரா நம்ம மதுரைதான், ஹார்வி மில்லுன்னு நாம சொல்ற மதுரா மில்லு பின்னாடி மதுரா கோட்ஸ் ஆகி அதுக்குள்ள இருந்து பொறந்தது, அப்புறம்தான் பிர்லா கைக்குப் போச்சு. இதை குறையா சொல்லல, பெருமையாத்தான் சொல்றேன், ஸ்டேஷன் பக்கம் போறப்பல்லாம் அந்த மில்லு செவுத்தைப் பாத்துக்கிட்டேதான் நான் வளந்தேன். வெளிநாட்டு பேருக்குன்னு தனியா காசு குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப காலர் கதை. என் தங்கச்சி மகன் சென்னைல வேலைக்கு சேந்தான், போன தீபாவளிக்கு ஒரு ஷோரூம்ல வெள்ளை சட்டை ஒண்ணு எடுத்தான், 4799 ரூபா. எந்தக் கடைன்னு எழுதல, மேல சொன்ன பேருல எதுவும் இல்ல, நீங்களும் தேட வேணாம். பில்லை எங்கிட்ட காட்டுனான், அந்த 4799க்குள்ளயே வரி மட்டும் 732 ரூபா. 2025 செப்டம்பர் 22ல இருந்து 2500 ரூபாய்க்குள்ள இருக்கிற துணிமணிக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம்னு ஆயிருச்சு இல்லையா, அதான். முன்ன 1000 ரூபா தாண்டுனாலே 12 சதவீதம் இருந்துச்சு, இப்ப நடுத்தர சட்டைக்கு வரி கொறஞ்சிருக்கு, உசந்த சட்டைக்கு கூடியிருக்கு. வரி சேக்காம 2500 ரூபா சட்டைக்கு வரி 125 ரூபா, 2600 ரூபா சட்டைக்கு 468 ரூபா. 100 ரூபா கூட சட்டை வாங்கப் போயி கையை விட்டு 443 ரூபா கூட போகுது. இதை அந்தக் கட்டுரைல ஒரு வரி கூட சொல்லல.

மூணாவது துவைப்புல காலர் குமிழ் விட்டுருச்சு. அப்பளம் பொரிச்ச மாதிரி அங்கங்க எந்திரிச்சு நிக்குது. கடைல கொண்டு போய் காட்டுனா, நீங்க சுடுதண்ணில போட்டிருப்பீங்க சார், டிரை வாஷ் குடுக்கணும் சார்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சட்டைக்குள்ள லேபிள்ல வாஷிங் மெஷின் படம் போட்டு 40 டிகிரின்னு போட்டிருக்கு, அதைக் காட்டுனாலும் மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. பய கோவத்துல தூக்கி பேக்ல போட்டுக்கிட்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப எங்கிட்ட குடுத்தான், மாமா நீங்கதானே சட்டை டாக்டரு, பாருங்கன்னு.

சாப்பாட்டு மேஜைல நியூஸ்பேப்பரை விரிச்சு, உங்க பேப்பர்தான், அது மேல சட்டையைப் போட்டு ஒரு பிளேடு எடுத்து காலர் ஓரத்தைப் பிரிச்சேன். காலர் ரெண்டு துணி, நடுவுல கேன்வாஸ். இந்தக் காலத்துல முக்கால்வாசி சட்டைல அந்த கேன்வாஸ்ல பொடிப்பொடியா பசை புள்ளி இருக்கும், சூட்டுல அழுத்துனா மேல் துணியோட ஒட்டிக்கும், ஃப்யூசிங்னு சொல்வோம். இவன் சட்டைல பிரிச்சா, காலர் நுனிப் பக்கம் மட்டும் கெட்டியா ஒட்டியிருக்கு, நடுவுல விரலை விட்டா காலண்டர் தாள் கிழிக்கிற மாதிரி தானா வருது. பசை புள்ளி எல்லாம் கேன்வாஸ்லயே பளபளன்னு அப்படியே நிக்குது, துணில இறங்கவே இல்ல. ஒண்ணு மெஷினு சூடு பத்தல, இல்ல அழுத்தம் பத்தல, இல்ல பெல்ட்டு வேகமா ஓடியிருக்கு. நாங்க தினமும் காலைல முதல் பீஸ் போடுறதுக்கு முன்னாடி ஃப்யூசிங் மெஷின் உள்ள சூடு காட்டுற பேப்பர் பட்டையை விட்டு பாப்போம், 150 டிகிரி பக்கம் வரணும், இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி வரணும், அப்புறம் ஒட்டுன துண்டை இழுத்துப் பாப்போம், துவைச்சும் பாப்போம். ஏற்றுமதி நெருக்கடில ராத்திரி ஷிஃப்ட்ல இந்த சோதனையை விட்டுட்டு ஓட்டுறது நடக்கும், நான் இல்லைன்னு சொன்னா பொய். அன்னைக்கு தச்ச ஐநூறு, ஆயிரம் பீஸ் மூணாவது துவைப்புல குமிழ் விடும். விலை 4799 ஆ இருந்தாலும் விடும், 799 ஆ இருந்தாலும் விடும். கடைல தொட்டுப் பாத்து இதைக் கண்டுபிடிக்க எனக்கே முடியாதுங்க, துவைச்சாத்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன், விலை கூட குடுக்கிறவன் முதல்ல கேக்க வேண்டியது எந்தப் பருத்தி, எந்த நாட்டு பட்டன்னு இல்ல, காலர் குமிழ் விட்டா மாத்திக் குடுப்பீங்களா, பில்லுல எழுதிக் குடுங்கன்னு. எழுதித் தர்ற கடைன்னா 3000 ரூபா குடுங்க, தப்பே இல்ல.

எங்கப்பா காலத்துல கேன்வாஸை ஒட்ட மாட்டாங்க, தண்ணில ஊறப்போட்டு சுருங்க வச்சு காய வச்சு உள்ள வச்சு தைப்பாங்க. கஞ்சி போடாட்டி தொய்ஞ்சு நிக்கும், ஆனா குமிழ் விடாது. காலர் மடிப்புல தேஞ்சு நூல் தெரிய ஆரம்பிச்சா காலரை முழுசா பிரிச்சு உள்பக்கத்தை வெளிப்பக்கமா திருப்பி தைச்சுக் குடுப்பாரு, சட்டைக்கு மறுபடியும் ரெண்டு வருஷம் ஆயுசு. வாத்தியாருங்க, கோர்ட் குமாஸ்தாங்க எல்லாம் சித்திரை லீவுல மூட்டையா கொண்டு வந்து போடுவாங்க. காலருதான் எப்பவும் முதல்ல போற எடம். அமெரிக்காவுல டிராய்னு ஒரு ஊருல 1827ல ஒரு அம்மா, வீட்டுக்காரரு சட்டைல காலர் மட்டும் அழுக்காகுது, அதுக்காக முழு சட்டையையும் துவைக்க வேண்டியிருக்கேன்னு அலுத்துப்போயி காலரை மட்டும் வெட்டி எடுத்து தனியா துவைச்சு மாட்டி விட்டாங்கன்னு ஒரு கதை உண்டு, அதுல இருந்துதான் அந்த ஊருல தனிக் காலர் தொழிலே பெருசாச்சு. அந்த ஊருக் கம்பெனி ஆளு சான்ஃபோர்டு கிளூயட்னு ஒருத்தர்தான் பின்னாடி 1930ல துணி சுருங்காம இருக்க முன்கூட்டியே சுருக்கி விடுற முறைக்கு பேட்டன்ட் வாங்குனாரு. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், துணி ஓரத்துல சான்ஃபரைஸ்டுன்னு முத்திரை போட்டு வரும், அது அவரு பேருதான்.

அப்புறம் இந்த ரிங்கிள் ஃப்ரீ. இஸ்திரியே வேணாம்னு சொல்லி 500, 800 கூட வைக்கிறான். பருத்தி இழைக்குள்ள ஒரு ரெசின் ஏத்தி இழைக்குள்ள இருக்கிற மூலக்கூறை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு விடுறாங்க, அதான் கசங்காம நிக்கிறது. அப்படி முடிச்சுப் போட்டா இழை வளையாது, வளையாத இழை சீக்கிரம் முறியும். அதனால மடிப்பு விழற எடம், கஃப் ஓரம், காலர் ஓரம் சீக்கிரம் அறுந்து வரும். வேர்வையும் அவ்வளவா உறிஞ்சாது, சித்திரை வெயில்ல மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நின்னு பாருங்க, முதுகுல ஒட்டிக்கிட்டு சோறு வடிச்ச துணி மாதிரி இருக்கும். வெளியூர் போறவங்களுக்கு பெட்டிக்குள்ள ஒண்ணு இருந்தா வசதி, அவ்வளவுதான். அதுல வெள்ளைச் சட்டையை பிளீச்சிங்ல போட்டீங்கன்னா மஞ்சளாயிரலாம், அப்படி ஆனா அதுக்கு அப்புறம் உஜாலா பாட்டிலையே கவுத்தாலும் வெளுக்காது.

சிப்பி பட்டன் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. உசந்த சட்டைல பிளாஸ்டிக் பட்டன் இருக்காது, கடல் சிப்பில வெட்டுனது, கன்னத்துல வச்சா சில்லுன்னு இருக்கும், சாய்ச்சுப் பாத்தா வானவில் மாதிரி மின்னும். அழகுதான். ஆனா நம்ம தெரு இஸ்திரி வண்டிக்கார அண்ணன் கரி போட்ட பித்தளைப் பெட்டியை பட்டன் மேலயே ஒரு இழுப்பு இழுப்பாரு பாருங்க, ரெண்டா பிளந்துரும். பாலியஸ்டர் பட்டன் கல்லு மாதிரி கெடக்கும். இங்கிலீஷ்காரன் ஊருக்கு ஏத்த பட்டன் செல்லூருக்கு ஏத்த பட்டனா இருக்கணும்னு இல்ல. நான் பாக்கிறது பட்டன் எதுல செஞ்சதுங்கிறதை இல்ல, பட்டன் அடில நூலை சுத்தி ஒரு கழுத்து கட்டியிருக்கான்னுதான். அது இருந்தா பட்டன் சீக்கிரத்துல கழண்டு விழாது. காஜா, அதாவது பட்டன் மாட்டுற ஓட்டை, பிசிறு இல்லாம கெட்டியா இருக்கான்னும் பாருங்க.

விலை கூடுன சட்டைல உருப்படியா ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட கேட்டா பேட்டர்னைத்தான் சொல்வேன், வெட்டு. அதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல. டிரையல் ரூம்ல சட்டையை இன் பண்ணிட்டு டவுன் பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குங்க. சட்டை பூராவும் பேண்ட்ல இருந்து உருவிக்கிட்டு வெளிய வந்துச்சுன்னா அக்குள் வெட்டு ரொம்ப கீழ இறங்கியிருக்குன்னு அர்த்தம். மலிவு சட்டைல ஒரே வெட்டுல குண்டானவன், ஒல்லியானவன் எல்லாருக்கும் பத்தணும்னு அக்குளை கீழ இறக்கி அகலமா விட்டிருப்பான். நல்ல கம்பெனில அக்குள் மேல ஏறி இருக்கும், கையைத் தூக்குனா கை மட்டும் தூக்கும், சட்டை அப்படியே நிக்கும். இதுக்கு பேட்டர்ன் மாஸ்டர் மாசக்கணக்குல உக்காந்து சாம்பிள் போட்டு ஆளுக்கு மாட்டிப் பாத்து மாத்தி மாத்தி வெட்டியிருப்பாரு. அந்த மூளைக்கு நான் தாராளமா காசு குடுப்பேன். சிலருக்கு அந்த பிராண்டு வெட்டு உடம்புக்கு அப்படியே அமைஞ்சு போகும், அவங்க அதையே வாங்கிக்கட்டும்.

எம் மனசுல உள்ள கணக்கு இதான். நல்ல அம்பதாம் நம்பர், அறுவதாம் நம்பர் துணி, அகலம் 58 இன்ச்னா முழுக்கைக்கு 1.60 மீட்டர் போதும், 36 இன்ச்னா ரெண்டேகால் மீட்டர். விளக்குத்தூண் பக்கம் நான் எடுக்கிற துணி மீட்டர் 350 ரூபா சுமாருக்கு வருது, 58 இன்ச் அகலம், துணி 560 ஆச்சு. தையக்கூலி நம்ம டெய்லர் 450 வாங்குறாரு, ஆக 1010 ரூபா, என் அளவுக்கு, என் தொப்பைக்கு, என் ஒரு பக்கம் இறங்குன தோளுக்கு. ரெடிமேடுல அதுக்கு ஈடா தையல் வேணும்னா 1500ல இருந்து 2500க்குள்ள கெடைக்குது. அதுக்கு மேல போற காசுல கொஞ்சம் துணி சுகத்துக்கு போகுது, மீதி எல்லாம் மால் வாடகை, நடிகர் சம்பளம், விக்காம தேங்குன சட்டைக்கு தண்டம்னு போகுது. ஆடித் தள்ளுபடில அதே சட்டையை ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு குடுக்கிறானே, அவன் என்ன வீட்டுக் காசைப் போட்டா குடுக்கிறான். ஆடில பாதி விலைக்கு கட்டுபடியாகுற சட்டைக்கு தைல முழு விலை எதுக்குன்னு நான் கேக்கிறேன். விலை கூடுன சட்டை வேணுங்கிறவங்க ஆடி வரைக்கும் பொறுத்துக்கங்க, வரியும் அதுக்குத் தக்கனதான் விழும்.

டெய்லர் கிட்ட போறதுலயும் கஷ்டம் இருக்கு, மறைக்கல. சொன்ன தேதிக்கு தர மாட்டாரு, கேட்டா காஜாவுக்கு போயிருக்கு சார்ம்பாரு, காஜா எடுக்கிற பையன் ஊருக்குப் போயிட்டாம்பாரு. காலர் கேன்வாஸ் மட்டமா வச்சிருவாரு, நாமளே நல்ல கேன்வாஸ் கடைல வாங்கிக் குடுத்துரணும், ஒரு சட்டைக்கு 30, 40 ரூபாதான் ஆகும். துணியை முன்கூட்டியே ஒரு ராத்திரி தண்ணில நனைச்சு நிழல்ல காய வச்சுக் குடுங்க. சின்னப் பசங்களுக்கு இவ்வளவு பொறுமை கெடையாது, அவங்க போன்ல அமுக்கி மறுநாள் வாங்கிக்கிறாங்க, அவங்க அவசரம் அவங்களுக்கு.

மருமகன் சட்டை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தூக்கிப் போடல. சட்டை வால் பக்கம் இன் பண்ணா உள்ள போற எடத்துல துணி தாராளமா இருந்துச்சு, அதுல வெட்டி புதுக் காலர் போடச் சொல்லி நம்ம டெய்லர்கிட்ட குடுத்தேன், வால் கொஞ்சம் குட்டையாச்சு, அடில வேற வெள்ளைத் துணி ஒட்டுக் குடுத்துட்டாரு, வெளிய தெரியாது. மொத்தம் 180 ரூபா. காலர் இப்ப கல்லு மாதிரி நிக்குது. அவரு தைக்கிறப்பவே சட்டையை மேஜைல விரிச்சுப் பாத்துட்டு, அண்ணே வெட்டு பிரமாதமா இருக்குண்ணே, தோளு பாருங்க, அக்குளு பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்ப அந்த 4799 ரூபா சட்டைதான் அவரு கடைல எம் மருமகனுக்கு அளவுச் சட்டை. போன மாசம் ரெண்டு துணி எடுத்துக் குடுத்தோம், அதை வச்சே வெட்டியிருக்காரு. இன்னும் காஜாவுக்குப் போயி வரல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கியூசி,
செல்லூர், மதுரை.